பாரிக்கு எரு கொடுத்தவர்கள்

விதை போட்டதிலிருந்து முளைப்பாரியை வெளியே எடுக்கும் வரை நூற்றெழுபத்திரண்டு மணி நேரம். மகள் கயல்தான் செல்லில் கணக்குப் போட்டுச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்கு விதைத்தாயிற்று. அடுத்த செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுக்க வேண்டும். ஒன்பது வருடமாக முனீஸ்வரி அதை எட்டு நாள் என்றுதான் நினைத்திருந்தாள். மணிக்கணக்கில் கேட்டதும் அது நீண்டுவிட்டதுபோல் இருந்தது.

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கில் ஈர எருவோடு ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆப்பிள் பழத்தில் ஒட்டி வருமே, அது.

கம்பம் கிணத்தடித் தெருவில் ஆடி மாதம் காளியம்மனுக்கு முளைப்பாரி போடுவார்கள். கோயிலை ஒட்டி ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அதில் இருபத்தொரு மண்சட்டி. அடியில் வைக்கோல், அதன் மேல் எரு, எருவின் மேல் ஊறவைத்த மொச்சை, தட்டாம்பயறு, கம்பு, சோளம். வெயில் படாமல் இருட்டில் வளர்ந்தால்தான் பயிர் வெளிறின மஞ்சளில் நெடுநெடுவென்று வரும். விரதம் இருக்கும் ஒருத்தி மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். பயிர் நன்றாக வந்தால் தெருவுக்கு நல்ல வருடம். வராவிட்டால் வருடம் முழுக்க அவளைத்தான் பேசுவார்கள். ஒன்பது வருடமாக அந்த ஒருத்தி முனீஸ்வரி. மற்ற நாளில் திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டும் வேலைக்குப் போகிறவள், இந்த எட்டு நாளும் வேலைக்குப் போகமாட்டாள். ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை.

அவள் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வாசலில் கணவன் கர்ணன் நகராட்சியின் பேட்டரி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். தினமும் காலை ஆறு மணிக்கு அந்த வண்டியில்தான் தெருத்தெருவாகக் குப்பை வாங்குவான். அவள் கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் ஸ்டிக்கரைப் பார்த்தான். பிறகு வண்டியின் சக்கரத்தைப் பார்த்தான். கழுவின சக்கரத்தையே இன்னொரு தரம் கழுவினான்.

"எரு எங்கன எடுத்தீக?"

"பிச்சைமணி அண்ணன் தொழுவத்துக்குத்தான போனேன்."

"போனீக. எடுத்தீகளா?"

அவன் குழாயை அடைத்தான். மெல்ல மெல்லச் சொன்னான். தேவாரம் ரோட்டில் பிச்சைமணிக்குத் தொழுவம். வருடா வருடம் பாரிக்கு எரு அங்கிருந்துதான் வரும். இந்த வருடம் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்காரர்கள் மலையிறங்கி வந்து, குமித்து வைத்திருந்த எருவை அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கர்ணன் போனபோது தொழுவத்தில் வாசம் மட்டும்தான் மிச்சம். திங்கட்கிழமை பொழுது சாயப்போகிறது. மறுநாள் விதைக்க வேண்டும். வேறு தொழுவம் தேடி எங்கே போவது? ஊருக்குள் மாடு வளர்ப்பவர் யார் இருக்கிறார்கள்? தெருமுனையில் நகராட்சியின் உரக்கிடங்கு இருந்தது. சலித்த உரம் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு நாலு மூட்டை எடுத்து வந்தான்.

"டீத்தூள் மாதிரி இருந்துச்சு முனீசு. மோந்து பாத்தேன். மழை பேஞ்ச மண்ணு வாசம்."

"அம்மனுக்கு ஊரு எச்சிலப் போட்டிருக்கீக."

"எச்சி எங்க இருக்கு? எலும்பு, மீனுமுள்ளு எல்லாம் தனிக்குழி. இது காய்கறித் தோலு, பூவு, எல."

"எலன்னா? சாப்ட்ட எலயா?"

கர்ணன் குழாயைத் திறந்து மறுபடி சக்கரத்தில் அடித்தான்.

விதைத்த பாரியைக் கலைக்கக் கூடாது. கலைத்தால் அதைவிடக் கெட்ட சகுனம் இல்லை. ஆகவே முனீஸ்வரி செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது: தண்ணீர் தெளிப்பது. தெளித்தாள்.

மறுநாள் காலையில் ஜெஸ்லின் வந்தாள். ராயப்பன்பட்டிப் பெண். குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி வீடுவீடாகப் போய்ப் பேசுவதற்கு நகராட்சி வைத்திருந்த பரப்புரையாளர். மூன்று வருடமாக இந்தத் தெருவில் பேசுகிறாள். பச்சைக் கூடையில் மக்கும் குப்பை, நீலக் கூடையில் மக்காத குப்பை என்று சொல்லிச் சொல்லி, கனவிலும் அதையே சொல்வதாக அவள் அம்மா புகார் செய்கிறாளாம். கர்ணன் நடந்ததைச் சொன்னதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் முகம் மாறியது.

"அக்கா, இது வெளிய தெரிஞ்சா கெடங்கு அம்புட்டுத்தான்."

தெரியாத விஷயம் இல்லை. கிடங்கை ஊருக்கு வெளியே தூக்கச் சொல்லி நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்ட மனு கவுன்சிலர் வேல்பாண்டியிடம் இருந்தது. சாமி கும்பிடு முடியட்டும், பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். முதல் கையெழுத்து அக்கம்மாளுடையது. கிடங்குச் சுவரை ஒட்டி அவள் பருத்திப்பால் கடை வைத்திருந்தாள். கிடங்கு நாறுவதால் வருகிறவர்கள் ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் மூக்குமாக நிற்கிறார்கள் என்பது அவள் வழக்கு. கிடங்கு போனால் பழையபடி எல்லாக் குப்பையும் ஒன்றாகக் கலந்து லாரியில் மலையடிவாரத்துக்குப் போகும். அங்கே அதைக் கொளுத்துவார்கள். அந்த லாரியில் ஆறு வருடம் இருந்தவன் கர்ணன். அப்போது அவனுக்கு இருந்த இருமல் முனீஸ்வரிக்கு இன்னும் காதில் இருந்தது. இந்தக் கிடங்கு வந்த பிறகுதான் அவன் ராத்திரியில் தூங்குகிறான்.

கிடங்கு மட்டும் இல்லை. அம்மன் சட்டியில் எச்சில் இலையைப் போட்டவள் என்று பெயர் வந்தால், அந்த அறைச் சாவி இனி அவள் இடுப்புக்கு வராது.

ஆனால் பயிருக்கு இதெல்லாம் தெரியவில்லை. மூன்றாம் நாளே எருவைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது. நாலாம் நாள் அவள் விரலை வைத்து அளந்தாள். ஏழு விரற்கடை. போன வருடம் இதே நாளில் நாலு. வெளியே வந்து கயலிடம் சொன்னாள். உத்தமபாளையம் கல்லூரியில் தாவரவியல் படிக்கும் கயல் அதை நோட்டில் குறித்தாள். குறித்த கையோடு அம்மாவிடம் சொல்லாமல் தெருவிலும் சொல்லிவிட்டாள்.

சாயங்காலங்களில் பெண்கள் கோயில் வாசலில் கும்மி தட்டினார்கள். ஆடிக்காற்று கூடலூர்ப் பக்கமிருந்து சாரலைக் கூட்டிக்கொண்டு வந்து சேலையை இழுத்தது. ஒரு கையால் சேலையைப் பிடித்தால் கும்மி தட்ட முடியாது, தட்டினால் சேலை நிற்காது. இந்தச் சிரிப்பிலேயே பாதி நேரம் போனது. கும்மி முடிந்ததும் அக்கம்மாள் எல்லாருக்கும் பருத்திப்பால் ஊற்றினாள். கருப்பட்டியும் சுக்கும் மணந்தது. முனீஸ்வரி விரதம், குடிக்கவில்லை. அக்கம்மாள் அவளை உரசிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏழு வெரக்கடையாமே. என்னடி முனீசு போட்ட? யூரியாவா?"

"போங்க மதினி."

"உண்மையச் சொல்லு. கர்ணன் புண்ணாக்கு மூட்டையக் கொட்டிட்டானா?"

எல்லாரும் சிரித்தார்கள். முனீஸ்வரியும் சிரித்தாள். இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் அறைக்குள் விளக்கைப் பிடித்தபோது மூன்றாவது சட்டியில் கம்புக்கும் மொச்சைக்கும் நடுவில் நூல்போல் ஒன்று நின்றது. இரண்டு குட்டி இலை. கசக்கி முகர்ந்தாள். தக்காளி. பக்கத்துச் சட்டியில் இன்னும் நாலு. ஒன்பதாவது சட்டியில் ஒரு பரங்கி, தடித்தடியாக இரண்டு இலையை விரித்துக்கொண்டு, தன் வீடுபோல் உட்கார்ந்திருந்தது. அவள் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கி முந்தானையில் முடிந்தாள். பதினாறு தக்காளி, ஒரு பரங்கி. மறுநாள் பதினொன்று.

கயல் அவற்றைப் பழைய பெயின்ட் வாளியில் நட்டாள். எருக்குழியைச் சரியாகப் புரட்டியிருந்தால் உள்ளே சூடு ஏறி இந்த விதையெல்லாம் வெந்திருக்கும் என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். சாரலில் யார் நின்று புரட்டுவது என்று அவன் கேட்டான். முனீஸ்வரி கேட்டது வேறு.

"ஏன்டி, இது யாரு வீட்டுத் தக்காளின்னு சொல்ல முடியுமா?"

"முடியாதும்மா. நாப்பத்தஞ்சு நாளு மக்கிருச்சுன்னா எது யாரு வீட்டுதுன்னு யாராலயும் பிரிக்க முடியாது. எலயும் பூவும் ஒண்ணுதான்."

முனீஸ்வரி வாளியைத் தூக்கி வெளிச்சம் படும் இடத்தில் வைத்தாள்.

பாரியைத் தூக்கும் நாளில்தான் சிக்கல் இருந்தது. இந்தத் தெருவில் ஒரு வழக்கம். சட்டிகளை நடுவில் வைத்துக் கடைசிக் கும்மி தட்டும்போது, சுற்றி நிற்பவர்கள் பாட்டிலேயே கேள்வி கேட்பார்கள். விதை கொடுத்தது யார், வைக்கோல் கொடுத்தது யார், எரு கொடுத்தது யார். வளர்த்தவள் பாட்டிலேயே ஆள் பெயரைச் சொல்ல வேண்டும். அம்மன் முன்னால் சொல்வதால் பொய்ப்பெயர் சொல்லக் கூடாது. பெயர் வந்தவர்களுக்கு அன்றைக்குப் பெருமை தாங்காது. திருப்பூரில் இருக்கிற பிள்ளைக்கு வீடியோ எடுத்து அனுப்புவார்கள். ஒரு வருடம் சட்டி சுமந்து வந்த ஆட்டோக்காரர் பெயரை முனீஸ்வரி விட்டுவிட்டாள். அவர் இரண்டு மாதம் இந்தத் தெருவுக்கு சவாரி வரவில்லை.

எருக் கேள்விக்கு ஒன்பது வருடமும் ஒரே பதில்தான். பிச்சைமணி.

ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரே மொபெட்டில் வந்து இறங்கினார். ஒரு சீப்பு ஏத்தம்பழமும் ஒரு சங்கடமும் கொண்டுவந்திருந்தார். எருவைக் கொடுக்க முடியாமல் போனது தப்புதான் என்றார். சேட்டன்மார்கள் திடீரென்று வந்து நின்றுவிட்டார்களாம். கர்ணன் வேறு எங்கேயோ எடுத்ததாகக் கேள்விப்பட்டாராம், எங்கே என்று அவர் கேட்கவில்லை. பழத்தைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"பரவால்ல அண்ணே, விடுங்க," என்றான் கர்ணன்.

"இல்ல தம்பி. தங்கச்சி பாட்டுல எம் பேரு…"

முனீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"மருமகன் வந்திருக்காக. முத முதல்ல வாராக. எம் பேரக் கேக்கணும்னு கூட்டிட்டு வாரேன்னு சொல்லிப்புட்டேன். எப்பவும் போலப் பாடிருங்க தாயி. நான் யார்ட்டயும் வாயத் தெறக்க மாட்டேன்."

அவர் போன பிறகு கர்ணன் உற்சாகமாக ஒரு பழத்தை உரித்தான். எல்லாம் தானாக அமைந்துவிட்டது என்றான். கொடுக்காதவரே கொடுத்தேன் என்கிறார், நமக்கு என்ன கஷ்டம்?

"யாருக்கும் நட்டமில்ல. கெடங்கும் நிக்கும், உன் சாவியும் நிக்கும்."

"அம்மன் முன்னாடியா?"

"அம்மனுக்குத்தான் ஏற்கனவே தெரியுமே. அதுக்கு என்ன பொய்யி?"

 கயலுக்கு இன்னொரு யோசனை இருந்தது. பாரியைத் தலையில் தூக்கிவிட்டால் வாய்க்காலில் கரைக்கும் வரை கீழே இறக்கக் கூடாது. ஆகவே எல்லாரும் தூக்கிய பிறகு சொன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கர்ணன் மகளை வியப்பாகப் பார்த்தான்.

முனீஸ்வரி தலையாட்டினாள். வேண்டாம் என்று.

"தலைல என்ன இருக்குன்னு தெரிஞ்சுதான் தூக்கணும். பெறகு சொன்னா அது ஏமாத்து."

அப்படியானால் என்ன பாடப் போகிறாய் என்று அவன் கேட்டான். தெரியவில்லை என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் அவள் கர்ணனோடு பேட்டரி வண்டியில் ஏறினாள். விரதக்காரி குப்பை வண்டியில் போவதைப் பார்த்து ஒருவரிருவர் கேட்டதற்கு, பொழுது போகவில்லை என்றாள். வண்டி வீடுவீடாக நின்றது. யார் வீட்டுப் பச்சைக் கூடையில் என்ன விழுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். நீலக் கூடையில் போட வேண்டிய பால் பாக்கெட்டைப் பச்சையில் போட்ட ஒரு வீட்டில் இறங்கி, எடுத்து நீலத்தில் போட்டாள். கர்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி ஓட்டினான்.  இரண்டு தரம் மட்டும் தேவையில்லாமல் ஹாரன் அடித்தான்.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்குச் சாரல் விட்டது. மேற்கே மலை கழுவி வைத்ததுபோல் தெரிந்தது. முனீஸ்வரி அறையைத் திறந்தாள். இருபத்தொரு சட்டியையும் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வைத்தாள். முதல் சட்டி வந்ததும் ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஐந்தாவது வந்ததும் பேச ஆரம்பித்தார்கள். பயிர் முழங்கை உயரம் நின்றது, ஒரே மஞ்சளாக, காற்றுக்கு எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. செல்லில் படம் எடுத்தார்கள். தெருவில் மூத்தவளான கஸ்தூரியம்மாள் பயிரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இவ்வளவு உயரம் தான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை என்றாள். அக்கம்மாள் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இருப்பதிலேயே உயரமான சட்டியின் மேல் கையை வைத்தாள். இது என் தலைக்கு என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தாள்.

பிச்சைமணி முன்வரிசையில் நின்றார். வெள்ளைச் சட்டை. பக்கத்தில் மருமகன், செல்லைத் தயாராகப் பிடித்தபடி. கவுன்சிலர் வேல்பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜெஸ்லின் கூட்டத்துக்குப் பின்னால், கிடங்கில் வேலை பார்க்கும் பெண்களோடு நின்றாள். கர்ணன் எங்கேயும் தெரியவில்லை. கோயில் மறைவில் பேட்டரி வண்டியின் மூக்கு மட்டும் தெரிந்தது.

கும்மி தொடங்கியது. அக்கம்மாள்தான் எப்போதும் கேள்வி கேட்பாள். விதையைக் கேட்டாள். முனீஸ்வரி மொச்சை கொடுத்த முத்துலட்சுமியையும் கம்பு கொடுத்த கஸ்தூரியம்மாளையும் பாடினாள். வைக்கோலைக் கேட்டாள். தண்ணீரைக் கேட்டாள். பெயர் வரவர ஒவ்வொரு முகமாக மலர்ந்தது. வட்டம் வேகமாகச் சுற்றியது.

"எருவக் குடுத்தது யாரு யாரு – அத
எடுத்துச் சொல்லடி பேரு பேரு"

மருமகன் செல்லை உயர்த்தினான். முனீஸ்வரி ஒரு சுற்று பாடாமல் கைமட்டும் தட்டினாள். பிறகு பிச்சைமணியைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள்.

"அக்கம்மா மதினி ஆட்டிப் பிழிஞ்ச – நல்ல
பருத்திக்கொட்டச் சக்க குடுத்தா
முத்துலட்சுமி மூணு நாளா – நார்
முருங்கக் காம்பச் சேத்துக் குடுத்தா"

கேலிப்பாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். கடைசிக் கும்மியில் கேலி வருவதும் உண்டுதான். அக்கம்மாளே சிரித்தாள். முனீஸ்வரி அடி தப்பாமல் தொடர்ந்தாள்.

"கஸ்தூரியம்மா பூச முடிஞ்சு – காஞ்ச
கதம்ப மாலையக் கழத்திக் குடுத்தா
வேல்பாண்டி வீட்டு விருந்துல எல்லாம் – வந்து
விரிச்ச வாழ எலயக் குடுத்தாக"

கவுன்சிலர் துடைத்துக்கொண்டிருந்த துண்டை நிறுத்தினார். வட்டத்தில் நாலைந்து பேர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து கடைசி வீட்டுப் பவானி கத்தினாள்.

"எம் பேரு எங்கக்கா? மூணு வருசமா நானுந்தான் பூண்டுத் தோலப் பிரிச்சுப் பச்சக் கூடைல போடுறேன். இவுகளுக்கு மட்டும் பேரா?"

"வெங்காயச் சருகு எங்க வீட்டுது," என்றது இன்னொரு குரல். "அதையுஞ் சேத்துக்க."

பச்சைக் கூடை என்ற சொல் விழுந்ததும் அக்கம்மாளின் கை நின்றது. வட்டம் அவள் மேல் முட்டிக்கொண்டு நின்றது. அவள் சட்டிகளைப் பார்த்தாள். முழங்கை உயரப் பயிரைப் பார்த்தாள். கிடங்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தான் சொல்லி வைத்த உயரமான சட்டியருகே குனிந்து அதன் விளிம்பில் இடது கையை வைத்தாள்.

"முனீசு, பாட்டு போதும். எரு எங்கன இருந்து வந்துச்சு? வாயால சொல்லு."

காற்று பயிரைச் சாய்த்து நிமிர்த்தியது. முனீஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். எட்டு நாள் ஒருவேளைச் சாப்பாட்டில் உதடு காய்ந்திருந்தது. நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள்.

"பிச்சைமணி அண்ணன் தொழுவத்துல இருந்து இந்த வருசம் ஒரு கூடைகூட வரல மதினி. இந்த இருவத்தோரு சட்டியும் நம்ம தெருக் குப்பையில செஞ்ச ஒரத்துல வளந்துச்சு. தெரிஞ்சு தூக்குறவுக தூக்குங்க."